கேட்ட புத்தகம் மனதில் நிற்பதில்லை. உங்களுக்கு எப்படி?

சிவன்மலை அடிவாரம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கமுங்க. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொன்னால்தான் புரியும். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காங்கேயத்தில் கிளம்பும் கம்பெனி வண்டியில் சிவன்மலையில் ஏறிக்கொள்வேன். காலை ஏழேகாலுக்கு ஏறினால் படியூர், நல்லூர் தாண்டி எட்டு மணிக்கு மேல் கம்பெனி வாசல். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும்.

முன்பெல்லாம் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிப்பேன். மாதம் இரண்டு, மூன்று ஓடும். ஆனால் செக்கிங் வேலை முழுக்கக் கண் வேலை. துணியில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று டியூப் லைட்டுக்குக் கீழே நாள் முழுக்கப் பார்த்த கண், இரவில் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்துக்குமேல் ஒத்துழைக்காது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதனால்தான் 2023ல் மகன் என் போனில் ஒலிப்புத்தகம் கேட்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்தான். அன்றிலிருந்து போகும்போது ஒரு முக்கால் மணி நேரம், வரும்போது ஒரு முக்கால் மணி நேரம். கேட்டு முடித்த புத்தகத்தின் பெயரையும் தேதியையும் வீட்டு டைரியில் குறித்துக்கொண்டு வந்தேன். இதுவரை 31 புத்தகம். இத்தனை வேகமாக வாழ்க்கையில் நான் படித்ததே இல்லை. மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனேன். சிக்கய்ய நாயக்கர் கல்லூரி மைதானத்தில் ஒரு ஸ்டாலில் ஒரு நாவலைக் கையில் எடுத்தேன். அட்டை புதிதாக இருந்தது. முதல் பக்கத்தை நின்றுகொண்டே படித்தேன். நன்றாக இருந்தது. இரண்டாம் பக்கமும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு குடியானவர் தன் ஜோடி எருதுகளில் ஒன்றை மட்டும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். மிச்சம் இருக்கும் எருது கட்டுத்தரையில் நின்று கத்துகிறது. அந்தக் கத்தலைப் படித்ததும்தான் திக்கென்றது. இதை நான் முழுசாகக் கேட்டு முடித்திருக்கிறேன். டைரியில் 19வது புத்தகம். பத்து மாதம்கூட ஆகவில்லை. தலைப்பும் ஆசிரியர் பெயரும் அட்டையிலேயே இருந்தும் எனக்குத் தட்டவில்லை.

அந்த நாவலில் எனக்கு நினைவிருந்தது வாசித்தவரின் குரல் மட்டும்தான். கனமான, நிதானமான ஆண் குரல். அந்த எருது கத்தும் இடத்தில் வண்டி படியூரில் நின்று இரண்டு பிள்ளைகள் ஏறியதும் நினைவிருந்தது. கதை போய்விட்டது.

இருபது வருடத்துக்கு முன்பு படித்த புத்தகத்தில் ஒரு வரி வேண்டுமென்றால், அது இடது பக்கத்தில் கீழே இருந்தது, பக்கத்தில் நூலக முத்திரை இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அச்சில் படித்ததற்கு ஓர் இடம் இருக்கிறது. கேட்டதற்கு இல்லை. சரி, அப்படியானால் கேட்பது படிப்பதற்குச் சமம் ஆகாது என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் அப்படி முடிவுகட்டவும் மனம் வரவில்லை. அதற்குக் காரணம் என் அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர்.

நான் ஐந்தாவது, ஆறாவது படிக்கும்போது லீவுக்கு அப்புச்சி தோட்டத்துக்குப் போய்விடுவேன். கடலைக்காய் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் எட்டுப் பத்துப் பெண்கள் உட்கார்ந்து கொடியிலிருந்து காய் ஆய்வார்கள். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வாரப் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாகப் படிக்கவேண்டும். அம்முச்சிக்கு எழுத்து தெரியாது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் நான் அவசரத்தில் ஒரு பத்தியைத் தாண்டினால் உடனே பிடித்துவிடுவார்கள். "ஏஞ்சாமி, போன வாரம் அந்தப் புள்ள கடுதாசிய அடுப்புல போட்டாளே, அது என்னாச்சுன்னு சொல்லாம போறியே?" என்று ஒருவர் கேட்பார். ஒரு வாரம் கழித்தும், இரண்டு வாரம் கழித்தும் யார் யாருக்கு என்ன உறவு, யார் என்ன புடவை கட்டியிருந்தாள் என்பதுவரை சொல்வார்கள். அவர்களும் காதால் கேட்டவர்கள்தானே?

அதனால் என் கேள்வி: கேட்பதே குறையென்றால் அவர்களுக்கு எப்படி நின்றது? குறை கேட்பதில் இல்லையென்றால் எனக்கு ஏன் நிற்கவில்லை? ஒலிப்புத்தகம் கேட்கிறவர்கள் யாராவது இருந்தால், கேட்டதை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அச்சுக்கே திரும்பிவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். கண் விடாது.


சோமனூர் தறி

வணக்கம் அக்கா. எட்டுத் தறி ஓட்டுகிறேன். இரண்டு மாடு இருக்கிறது. காலை அஞ்சு மணிக்குப் பால் கறக்கும்போது கட்டுத்தரையில் போனை ஜன்னல் மேட்டில் வைத்து, ஸ்பீக்கரில் கேட்பேன். வரலாறு, பயணம், ஒருவரின் வாழ்க்கைக் கதை, இதெல்லாம் எனக்கு நன்றாக ஏறுகிறது. கட்டுரை ஏறாது. கட்டுரையில் ஒரு வரி தவறினால் அடுத்த வரி பிடிபடாது. கையில் பால் இருக்கும்போது போனைத் தொட முடியாது.

அச்சில் படிக்கும்போது நம்மை அறியாமல் கண் பின்னால் போய் வரும். ஒரு சொல்லை விட்டுவிட்டால் தானாகத் திரும்பி எடுத்துக்கொள்ளும். கேட்கும்போது அது நடக்காது. கதை நமக்காக நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் செக்கிங்கில் இருப்பதால் சொல்கிறேன்: ஓட்டை தெரிந்தால் துணியைத் திருப்பிப் பார்க்கிறீர்கள் இல்லையா? கேட்கும்போது ஓட்டை விழுந்தது நமக்கே தெரிவதில்லை. நான் இப்போது ஒரு அத்தியாயம் முடிந்ததும் நிறுத்திவிடுகிறேன். அடுத்த மாட்டுக்குப் போனபிறகுதான் அடுத்த அத்தியாயம்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். தறிக்கூடத்தில் நான் காதில் எதையும் மாட்டுவதில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே குரல் கேட்கவேண்டும் என்றால் எவ்வளவு சத்தம் வைக்கவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும். வண்டி இரைச்சலுக்குப் போட்டியாக நீங்களும் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பீர்கள். எங்கள் அப்பாவுக்கு அறுபதிலேயே காது போய்விட்டது. தறிதான் காரணம். கண்ணைக் காப்பாற்றப் போய் காதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா.


விரல்நுனி

ஈரோட்டில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. உங்கள் கேள்வியை என் போன்தான் எனக்கு வாசித்துச் சொன்னது. எருது கத்தும் இடத்தில் இரண்டு முறை நிறுத்திக் கேட்டேன்.

கேட்பது படிப்பதாகுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றை முழுக்க ஒலிநாடாவில்தான் படித்தேன். ஒரு டீச்சர் இரவில் தன் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து படித்துப் பதிவு செய்து கொடுத்தார். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் இரண்டு இடத்தில் குக்கர் விசில் வரும். ஒரு இடத்தில் அவருடைய குழந்தை தண்ணீர் கேட்கும். பரீட்சை எழுதும்போது, உதவிக்கு வந்தவரிடம் நான் விடை சொல்லச் சொல்ல, எனக்குள் அந்த விசில் கேட்டது. இரண்டாவது விசிலுக்கு அப்புறம் வரும் மூன்று காரணங்கள், குழந்தை தண்ணீர் கேட்டபிறகு வரும் ஆண்டு. உங்களுக்கு இடது பக்கத்தில் கீழே என்பது எப்படியோ, எனக்கு விசில் அப்படி.

அதனால் கேட்டதற்கு இடம் இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உங்களுக்கும் இடம் இருந்தது. படியூரில் பிள்ளைகள் ஏறியதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த இடத்தை நீங்கள் கதையோடு சேர்த்து முடிச்சுப் போடவில்லை. முடிச்சை நாமாகப் போடவேண்டும். ஸ்டுடியோவில் பதிவு செய்த புத்தகம் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீராக இருக்கும். அதில் குக்கர் விசில் கிடையாது. நான் அப்படிப்பட்ட புத்தகம் கேட்டால், ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரே ஒரு வரியை என் குரலில் போனில் பதிந்துகொள்வேன். "எருதில் ஒன்றை மட்டும் விற்றார்" என்பதுபோல. ஒரு நாவலுக்கு முப்பது நாற்பது வரி வரும். ஆறு மாதம் கழித்து அதை மட்டும் கேட்டால் போதும், மொத்தமும் எழுந்து வந்துவிடும்.

மூளை ஆராய்ச்சி ஒன்றை இந்தப் பேச்சில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 2019ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் செய்தது. ஒன்பது பேர், ஒரே கதைகள், ஒருமுறை கேட்டல், ஒருமுறை படித்தல். சொற்களின் பொருள் மூளையில் பதியும் வரைபடம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். அதில் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லாகத்தான் திரையில் காட்டினார்கள், அதுவும் கேட்கும் அதே வேகத்தில். சோமனூர் நண்பர் சொன்னதுபோலக் கண் பின்னால் போய் வர அதில் வழியில்லை. அதனால் பொருள் புரிவதற்குத்தான் அது பதில். பத்து மாதம் கழித்து நினைவிருக்குமா என்பதற்கு அது பதில் சொல்லாது.

கேட்பதில் எனக்கே ஒரு குறை உண்டு, அதை மறைக்கவில்லை. எழுத்து. காதால் மட்டும் கேட்டு வளர்ந்தால் எந்தச் சொல்லுக்கு எந்த ர, எந்த ல, எந்த ன என்று தெரியாமலே போய்விடும். மரமா மறமா, இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம், எழுதத் தெரியாது. நான் ஒன்பதாவதுவரை பிரெய்லில் படித்தேன். 1951 வாக்கில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த பாரதி பிரெய்லில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறு வேறு புள்ளிகள். லகர, ளகர, ழகரமும் அப்படித்தான். விரல் அதைத் தொட்டதால்தான் இன்று இந்தப் பதிலைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய முடிகிறது. இப்போதைய பிள்ளைகளுக்கு போன் எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிடுவதால் பிரெய்லை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம். நீங்கள் ஏற்கெனவே எழுத்து படித்தவர், உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், தைரியமாகக் கேளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒலிப்புத்தகமே கிடைக்காத நூல்களை நாங்கள் எந்திரக் குரலில் கேட்போம். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் பழைய தமிழ் நூல்கள் நிறைய எழுத்து வடிவில் இலவசமாக இருக்கின்றன. எந்திரக் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது, முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பழகிவிட்டால் அதுவே வசதி. அழும் இடத்தில் அது அழாது, நாம்தான் அழவேண்டும். உங்களுக்கு வாசித்தவரின் குரல் மட்டும் நினைவில் நின்று கதை போய்விட்டதற்கு அந்தக் குரலின் அழகும் ஒரு காரணமாக இருக்கலாம்.


சிவன்மலை அடிவாரம்

தம்பி தறிக்காரருக்கும் விரல்நுனி அவர்களுக்கும் நன்றிங்க. குக்கர் விசிலைப் படித்துவிட்டு வண்டியில் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டீச்சர் இதைப் படிக்கவேண்டும்.

சத்தத்தைக் குறைத்துவிட்டேன். இதுவரை கடைசிக் கோட்டுக்கு ஒரு கோடு கீழேதான் வைத்திருந்தேன், அது உண்மை.


கண்ணபுரம் சந்தை

நான் வெள்ளகோவில் பக்கம். அக்காவின் கேள்விக்கு நேர்ப்பதில் என்னிடம் இல்லை. ஆனால் குரல் என்றதும் எனக்கு மனதில் இருக்கும் குறை ஒன்றைச் சொல்லவேண்டும்.

நம் பக்கத்து நாவல்களை ஒலிப்புத்தகமாகக் கேட்டிருக்கிறீர்களா? நான் இரண்டு கேட்டேன், இரண்டையும் பாதியில் விட்டேன். வாசித்தவர்களுக்கு நல்ல குரல்தான், திருத்தமான உச்சரிப்புதான். ஆனால் "ஏனுங்க" என்பதை எங்கே இழுக்கவேண்டும், எங்கே வெட்டவேண்டும் என்று தெரியவில்லை. நம் ஊரில் அந்த ஒரு சொல்லைக் கோபமாகவும் சொல்லலாம், வெட்கமாகவும் சொல்லலாம். புருஷனைக் கூப்பிடவும் அதுதான், கடைக்காரரிடம் விலை கேட்கவும் அதுதான். எல்லா இடத்திலும் ஒரே "ஏனுங்க" வந்தால் அந்தப் பெண் கோபித்துக்கொள்கிறாளா கொஞ்சுகிறாளா என்றே தெரியவில்லை. வீட்டுக் கொல்லைப்புறத்தைச் சொல்லும் "பொடக்காலி" என்ற சொல்லைப் புதுச் சொல்லை எழுத்துக்கூட்டுவதுபோல் ஒருவர் வாசித்தார். அச்சில் படித்திருந்தால் அந்தக் குரலை நானே போட்டுக்கொண்டிருப்பேன். என் தலைக்குள் என் ஆத்தா பேசியிருப்பார்.

கொங்குப் பேச்சு நாவலுக்குள் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் 1942லேயே வந்துவிட்டது. அவரும் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். எண்பது வருடத்துக்கு மேலாக எழுத்தில் இருக்கும் பேச்சை வாசிக்க நம் ஊரிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள். உடுக்கை அடித்துக் கதை சொல்கிறவர்கள் இருந்த ஊர் இது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் வீரக் கதையான அண்ணன்மார் கதையை இரவு இரவாகப் பாடுவார்கள், விடிய விடியக் கூட்டம் கலையாது. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில்தான் கனடாவைச் சேர்ந்த மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் தங்கியிருந்து, 1965ல் அந்தக் கதை முழுவதையும் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிறகு அது புத்தகமாகவும் வந்தது. என் தாத்தா அந்த ஊரில் கதை கேட்டவர். பொன்னர் படுகளத்தில் விழும் இடம் வந்தால் கேட்கிறவர்களில் சிலருக்கு அருள் வந்துவிடும் என்பார்.

கேட்பதற்கு நம் ஊரில் இவ்வளவு வலு இருந்திருக்கிறது. அந்தக் குரல் அந்த மண்ணின் குரலாக இருந்ததும், எதிரே ஆள் உட்கார்ந்திருந்ததும் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். பதிவு செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நம் ஊர்க் கதைக்கு நம் ஊர் ஆளைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


விசயமங்கலம் வாத்தியார்

அம்மிணி, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். உங்கள் கேள்வியில் கடலைக்காய் ஆய்ந்த பெண்களைப் பற்றிய பத்தியிலேயே பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் ஆசிரியரிடம் கற்பதைப் "பாடம் கேட்டல்" என்றுதான் சொல்வார்கள். "அவரிடம் நன்னூல் பாடம் கேட்டேன்" என்பார்கள். ஓலைச்சுவடிக் காலத்தில் எல்லோர் கையிலும் சுவடி இருக்காது. கேட்டுத்தான் ஆகவேண்டும். அதனால் கேட்டது எப்படி நிற்கும் என்பதை அவர்கள் நன்றாகவே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரை எங்கள் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்வார்கள். விசயமங்கலத்துச் சமணக் கோயிலையும் அவரோடு சேர்த்துப் பேசுவார்கள். அவர் நூலின் முன்னுரையான பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்பதற்கென்றே சில நூற்பாக்கள் வைத்திருக்கிறார். ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் நூலில் பெரும்பாலும் பிழை இருக்காது. மூன்றாம் முறை கேட்டால் முறையாகப் பிறருக்கு எடுத்துச் சொல்வான். இது முதலில். அப்புறம்தான் முக்கியமானது வருகிறது. ஆசிரியர் சொன்னதை ஒருவன் எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார். உடன் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு. மிச்சம் இருக்கும் அரைப் பங்கு, தான் பிறருக்குச் சொல்லும்போதுதான் வரும்.

நீங்கள் 31 புத்தகத்திலும் முதல் கால் பங்கை மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். அதுவும் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் அடுத்த புத்தகம் தொடங்கிவிடுகிறது.

உங்கள் அம்முச்சியும் அந்தப் பெண்களும் என்ன செய்தார்கள்? ஒரு வாரத்துக்கு ஒரு அத்தியாயம். அதற்குமேல் வேண்டுமென்றாலும் கிடைக்காது. அந்த ஒரு வாரமும் தண்ணீர் சேந்தும் இடத்தில், களை எடுக்கும் இடத்தில் அதே அத்தியாயத்தைத்தான் பேசியிருப்பார்கள். கடுதாசியை அடுப்பில் போட்டது சரியா தவறா என்று சண்டைகூட வந்திருக்கும். அன்று வராதவளுக்கு வந்தவள் சொல்லியிருப்பாள். காய் ஆய்வதற்கும் ஒன்றை ஆராய்வதற்கும் தமிழில் ஒரே சொல்தான், ஆய்தல். அவர்கள் இரண்டையும் ஒரே ஆசாரத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

உங்களுக்கு அச்சுப் புத்தகம் நின்றதற்கும் இதையே சொல்லலாம். இரண்டு வாரம் கையில் இருந்தது. நடுவில் மூடி வைத்தீர்கள், யோசித்தீர்கள், நூலகத்தில் திருப்பிக் கொடுக்கும்போது யாரிடமாவது நன்றாக இருந்தது என்று சொல்லியிருப்பீர்கள்.

கண்ணையும் காதையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றே ஒன்று செய்துபாருங்கள். காலையில் கேட்பதை மாலையில் யாருக்காவது சொல்லுங்கள். புத்தகத்தின் எண்ணிக்கை குறையும். குறையட்டும். அப்புறம் இங்கே வந்து எழுதுங்கள்.


சிவன்மலை அடிவாரம்

வாத்தியாரய்யா, ஐந்து வாரம் ஆகிவிட்டது. மன்னிக்கவேண்டும். சொன்னதைச் செய்துபார்த்தபிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

மறுபடியும் அதே 19வது புத்தகத்தையே எடுத்தேன். காலையில் ஒரு அத்தியாயம், அதற்குமேல் கேட்பதில்லை. முடிந்ததும் விரல்நுனி அவர்கள் சொன்னபடி ஒரு வரியை என் குரலில் பதிந்துகொள்வேன். வண்டிக்குள் பேசக் கூச்சமாக இருந்தது, அதனால் இறங்கிக் கம்பெனி வாசலில் நின்று பேசுவேன். மாலையில் திரும்பும்போது காதில் எதையும் மாட்டுவதில்லை. என் பக்கத்து சீட்டில் கம்பெனியில் கைமடிக்கும் வேலை செய்யும் அக்கா ஒருவர் வருவார், வயது அறுபதுக்கு மேல், எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அவரிடம் காலையில் கேட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

முதல் நாள் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. முக்கால் மணி நேரம் கேட்டதில் எனக்குப் பத்து நிமிடத்துக்குத்தான் சரக்கு இருந்தது. அது எனக்குப் பெரிய அதிர்ச்சி. இரண்டாம் நாள் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "ஜோடி மாட்டுல ஒண்ண மட்டும் எதுக்கு விக்கோணும்? ரெண்டையும் வித்தா நல்ல வெல வருமே, ஒத்த மாட்ட வெச்சு என்ன பண்ணுவான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியர் சொல்லியிருக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. மறுநாள் காலை புது அத்தியாயம் கேட்காமல் பழையதையே திரும்பக் கேட்டேன். இருந்தது. விற்ற எருது கண்ணில் பூ விழுந்த எருது. இன்னொன்றை அவர் மகளுக்குச் சீராகக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே வரியில் போகிற போக்கில் வருகிறது. வண்டி நல்லூரில் திரும்பும் நேரத்தில் அந்த வரி வந்தது. இனி எனக்கு மறக்காது.

அப்புறம் நூலகத்தில் அதே புத்தகம் இருந்ததைப் பார்த்து எடுத்து வந்தேன். முழுசாகப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இருந்த பக்கங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். ஆறு பக்கம்தான். கண் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பாத்திரத்தின் பெயர் நான் மனதில் எழுதி வைத்திருந்ததற்கு வேறாக இருந்தது, நான் லகரம் என்று நினைத்தது அங்கே ளகரம். விரல்நுனி அவர்கள் நினைவு வந்தது.

இப்போது முன்சீட்டில் இருக்கும் பேக்கிங் பிள்ளைகள் இருவரும் திரும்பி உட்கார்ந்து கேட்கிறார்கள். கண்ணபுரத்தார் சொன்னது நிஜம். அந்த நாவல் வேறு பக்கத்துப் பேச்சில் எழுதியது, நான் எனக்குத் தெரியாமலே அதை நம் பேச்சில் மாற்றித்தான் சொல்கிறேன்.

ஐந்து வாரத்தில் ஒரு புத்தகம்தான் முடிந்திருக்கிறது. டைரியில் அதே எண்ணை மறுபடி போட்டேன்.

இப்போது உங்களிடம் இன்னொரு கேள்வி. போன வெள்ளிக்கிழமை கைமடிக்கும் அக்கா இந்தக் கதையைத் தன் மாமியாருக்குச் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு எண்பது வயது, படுத்த படுக்கை. அக்கா முடிவை மாற்றிவிட்டார். நாவலில் அந்தக் குடியானவர் எருதைத் திரும்பப் பார்ப்பதே இல்லை. அக்கா சொன்ன கதையில் அவர் அடுத்த சந்தையிலேயே அதைத் திரும்ப வாங்கிவந்து அதே கட்டுத்தரையில் கட்டிவிடுகிறார். "அந்தக் கெழவி அழுதுதுங்க, நா என்ன பண்ணட்டும்" என்றார். நான் அவரைத் திருத்தவில்லை. திருத்தியிருக்கவேண்டுமா? பிழை வராமல் இருக்க இன்னொருமுறை கேட்கச் சொன்ன பவணந்தியார் இதற்கு ஏதாவது சொல்லியிருக்கிறாரா, வாத்தியாரய்யா?